கட்டை விரலின் கதை

‘அது கைநாட்டுப்பா!’ - எழுதப் படிக்கத் தெரியாதவரை மட்டம் தட்ட நம்மிடம் இருக்கும் சொல். ஆனால், சரித்திரத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. 1858-ல் வங்காளத்தில், வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ரோடு போட ஜல்லி தர வந்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தில் பதித்துக்கொண்டார். வெள்ளைக்கார நிர்வாகத்துக்குக் கைரேகை ஆசை பிறந்தது அப்போதுதான். அந்த ஒப்பந்தத்தைக் கைப்பட எழுதியவர் யார் தெரியுமா? சாட்சாத் கோனாயேதான்!

சுமார் அரை நூற்றாண்டில் அந்த மை, கழுத்துக் கயிறாக மாறியது. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் இன்னும் இறுக்கி, சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். பிறந்த சாதியே குற்றம். பதிவேட்டில் பெயர், பக்கத்தில் ரேகை. இதை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் 16 பேர் உயிரை விட்டார்கள். அவர்களுக்காவது சொந்த ஊர் என்று ஒன்று இருந்தது. ஊரே இல்லாமல் அலைந்தவர்கள் என்ன செய்வார்கள்?

கொரவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுதை மேலும் மாட்டின் மேலும் உப்பு மூட்டை ஏற்றி, கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள். பெண்கள் கூடை முடைந்தார்கள், பச்சை குத்தினார்கள், குறி சொன்னார்கள். ரயில் வந்தது. உப்பு ரயிலேறிப் போய்விட்டது! பிழைப்புப் போன பின்னும் அலைந்தவர்களைச் சர்க்கார் ‘திருடர்’ என்றது. ஆந்திராவில் பாபட்லா அருகே ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பில் அடைத்து, இரட்சணிய சேனையிடம் ஒப்படைத்தது. வெளியே கால் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கிருந்த ஒரு பெண்ணுக்கு ‘எழுத்து’ என்றால் புத்தகமா ஞாபகம் வரும்? அந்தச் சீட்டுதான் வரும்.

சென்னை மாகாணம் 1947-ல் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல் ஒழிந்தது. சட்டம்தான் ஒழிந்தது, போலீஸின் சந்தேகம் ஒழியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் கட்டை விரலை வைப்பது, இந்தப் பெண்களுக்கு வெறும் அவமானம் அல்ல, ஆபத்து.

பெரியவர்களுக்குப் படிப்பு ஏறாது என்பதெல்லாம் சும்மா. 1991-ல் புதுக்கோட்டையில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தில், கல் குவாரிப் பெண்கள் சிலேட்டும் பிடித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். படிப்பைப் பிழைப்போடு சேர்த்துக் கட்டியதுதான் ரகசியம்.

நரிக்குறவப் பெண்களிடம் அந்த முடிச்சைப் போடுவது இன்னும் கஷ்டம். திருவிழாவுக்குத் திருவிழா ஊர் மாறிப் பாசிமணி விற்பவர், தினமும் ராத்திரி ஏழு மணி வகுப்புக்கு எப்படி வருவார்? வீட்டில் பேசுவதோ வாக்ரிபோலி. குஜராத்தி போன்ற வடக்கத்தி மொழிகளுக்குச் சொந்தம். தனக்கென்று எழுத்து கிடையாது. தமிழில் பேரம் பேசி நம்மையே மடக்கிவிடுவார். ஆனால், தமிழ்ப் பாடப்புத்தகம் அவருக்கு வேற்றுமொழிப் புத்தகம். மனக்கணக்கில் புலியாக இருப்பவரிடம் போய் ‘அ... அணில்’ என்று ஆரம்பித்தால் சிரிக்க மாட்டாரா?

2023 ஜனவரியில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தன. நல்ல செய்தி. ஆனால், சான்றிதழுக்கு மனு எழுத வேண்டுமே! சீர்மரபினருக்கும் நாடோடிச் சமூகங்களுக்கும் 2022-ல் மத்திய அரசு அறிவித்த ‘சீட்’ திட்டத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வாழ்வாதாரம், வீடு என்று நான்கு அம்சங்கள். அம்மாக்களின் படிப்பு அதில் இல்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான எழுத்தறிவுத் திட்டம் 2022 - 27 காலத்துக்குத் தனியாக இருக்கிறது. தன்னார்வலர்கள்தான் அதன் வாத்தியார்கள்.

அந்த வாத்தியார், பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விரித்திருக்கும் இடத்துக்கே போகலாம், வியாபாரம் மந்தமாகும் மத்தியான நேரத்தில். அணிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில், ரேஷன் கார்டை வாங்கி, ‘இதுதான்மா உங்க பேரு’ என்று விரல் வைத்துக் காட்டட்டும்.