சிசேரியன் கணக்கும் ஒரு டான்சில் கதையும்

மரக்காணம் உப்பளப் பக்கம் குழந்தை பொறந்த சேதி வந்தா, ஆணா பொண்ணான்னு கேட்ட கையோட "நார்மலா, ஆபரேஷனா?"ன்னும் கேப்பாங்க. சும்மா கேக்கறதில்லைங்க. உப்பைக் கூடையில அள்ளி தலைச்சுமையா கரைக்குக் கொண்டுவர்ற பொம்பளை, வயித்துல தையலோட எப்போ மறுபடி பாத்தியில இறங்கறது? இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தியா முழுக்கப் பார்த்தா 21.5 தான். நம்ம ஊர் தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. வெளியே பார்த்தா, பிரேசிலில் பாதிக்கும் மேல. மருத்துவச்சிகளை நம்பி நடக்கற நெதர்லாந்தில் 20-க்கும் கீழ. பொம்பளைங்க இடுப்பெலும்பு நாட்டுக்கு நாடு இவ்ளோவா மாறும்?

இது பழைய கேள்விதான். முதல்ல மாட்டினது டான்சில் :-) 1938-ல் இங்கிலாந்தில் அலிசன் கிளோவர்ங்கற டாக்டர், பள்ளிப் பிள்ளைகளுக்கு டான்சில் எடுத்த கணக்கைப் புரட்டினார். ஊருக்கு ஊர் பல மடங்கு வித்தியாசம். வறுமை, இட நெருக்கடி, தட்பவெப்பம் எதோடயும் அது ஒட்டலை. ஹார்ன்சிங்கற ஊரில் 1928-ல் 186 ஆபரேஷன், அடுத்த வருஷம் வெறும் 12. நோய் ஒண்ணும் ஓடிப்போகலை. பள்ளி மருத்துவ அதிகாரி மாறியிருந்தார், அவ்ளோதான்!

1970-ல் ஜான் பங்கர் அமெரிக்காவையும் இங்கிலாந்து-வேல்ஸையும் ஒப்பிட்டார். மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் அறுவை மருத்துவர்கள் இரண்டு மடங்கு, ஆபரேஷனும் இரண்டு மடங்கு. அமெரிக்க டாக்டருக்கு ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு காசு. பிரிட்டிஷ் அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சம்பளம்.

அதுக்காகக் காசு ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். சம்பள டாக்டர்கள் பார்க்கற நம்ம அரசு ஆஸ்பத்திரியிலேயே 36 ஆச்சே. தவிர, கத்தி கிடைக்காம வீட்டிலேயே தாயும் பிள்ளையும் செத்த காலத்தை மறந்துட்டுப் பேசறதும் தப்பு. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் 10 முதல் 15 சதவீதம் போதும்னு சொன்னது. 2015-ல், நாட்டளவில் 10-க்கு மேல போறதால தாய்சேய் மரணம் மேலும் குறையறதாத் தெரியலைன்னு சொன்னது. ஆனா வலியில படுத்திருக்கறவளுக்கு, தான் அந்த 10-ல ஒருத்தியா, மிச்சம் 35-ல ஒருத்தியான்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் கணக்கை, அதிலும் தலைப்பிரசவக் கணக்கைத் தனியா, வாசல்ல எழுதி ஒட்டட்டும்ங்கறது என் கட்சி.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வர்ற உதவி, சுகப்பிரசவமானாலும் ஆபரேஷனானாலும் ஒரே தொகைதான். கூடை தூக்காம வீட்டில உக்கார்ற நாள்தான் வேற.