பரங்கிமலைப் பீரங்கியும் என் காதும்

போன மாதம் எங்கள் மயிலாப்பூர் வீட்டு வாசலில் கீரைக்காரம்மா கூவியது எனக்குக் கேட்கவில்லை. "தாத்தாவுக்குக் காது மந்தம்" என்று பேத்தி தீர்ப்பு சொல்லிவிட்டாள். பரிசோதனைக்குப் போனேன். கதவடைத்த அறையில் மெல்லிய ஒலிகள்கூட ஓரளவு நன்றாகவே கேட்டன. "இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பதில்தான் உங்களுக்குச் சிரமம்" என்றார்கள். எனக்கு உடனே நம் ஊரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது.

ஜான் கோல்டிங்ஹாம், நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் அப்சர்வேட்டரியின் வானியலாளர். அந்நாளில் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை, மாலை பீரங்கி வெடிப்பார்கள். 1820, 1821ம் ஆண்டுகளில் அவர், வெடியின் வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வந்து சேரும்வரை ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு வந்தார். கோட்டை சுமார் நாலேகால் கிலோமீட்டர். சத்தம் வர 12 நொடி. பரங்கிமலை 9 கிலோமீட்டர். சுமார் 26 நொடி. குளிர்காலத்தில் ஒலி நொடிக்கு 1,100 அடி போலவும், ஜூலை மாதச் சூட்டில் 1,160 அடிக்கு மேலும் சென்றது. 1823ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதை வெளியிட்டார்.

வேகத்தைவிட எனக்கு வியப்பு, அது கேட்டதுதான். சைதாப்பேட்டை, மாம்பலம் வழியாக 9 கிலோமீட்டர்! அப்போது தி.நகர் கிடையாது, அங்கே ஏரி. 1920களில்தான் குடியிருப்பு வந்தது.

இன்று அதே பீரங்கியை வெடித்தால்? நடுவில் கட்டிடங்கள் மறிப்பது ஒருபுறம் இருக்கட்டும். தூரத்துப் பீரங்கி கேட்பது தாழ்ந்த 'தும்' என்றுதான். பஸ், லாரி உறுமலும் தாழ்ந்த சுருதியே. ஓர் ஒலியை அதிகம் மறைப்பது அதன் சுருதிக்கு அருகில் உள்ள இரைச்சல்தான் என்று அமெரிக்காவின் ஹார்வி ஃபிளெட்சர் 1940ல் விளக்கினார். உறுமல் பலமானால் அதைவிட உயர்ந்த குரல்களையும் மூடிவிடும். கீரைக்காரம்மா தோற்றது அங்கேதான்.

ஊர்மேல் மட்டும் பழி போட மாட்டேன். வயதானால் பிரித்துக் கேட்கும் திறனும் குறையும். ஆனால் 2020 ஏப்ரல் ஊரடங்கில், ஒரு ராத்திரி மொட்டை மாடியில் நின்றபோது, இதே காதுக்கு சாந்தோம் அலை கேட்டது.

இப்போது பேத்தி என்னிடம் கத்துவதில்லை. டிவியை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசுகிறாள். நன்றாகவே கேட்கிறது.