பழுதான டிரான்சிஸ்டர் என்னும் கதை: டிஆர்-808 நின்றுபோன காரணம் குறித்து ஒரு மறுபரிசீலனை

ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாள இயந்திரம் 1980இல் சந்தைக்கு வந்தது; 1983இல் உற்பத்தி நின்றது. மொத்தம் ஏறத்தாழ 12,000 இயந்திரங்கள் செய்யப்பட்டன என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. ஏன் நின்றது என்று கேட்டால் இன்று பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: அதன் ஓசைக்குக் காரணமான பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போய்விட்டன. இந்த விடையைச் சொன்னவர் சாதாரண ஆள் அல்லர். ரோலண்டை 1972இல் ஒசாகாவில் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியே. 2015இல் வெளிவந்த ‘808’ ஆவணப்படத்தில், தரத்தேர்வில் தோற்ற டிரான்சிஸ்டர்களைத் தெரிந்தே வாங்கிப் பயன்படுத்தியதாகவும், குறைகடத்தித் தொழில்நுட்பம் மேம்பட்டதும் அத்தகைய கழிவுகள் வராமல் போனதால் இயந்திரத்தைத் தொடர்ந்து செய்ய முடியவில்லை என்றும் அவர் சொல்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் காலமானார். அதன்பின் இக்கூற்று வரலாற்று நூல்களிலும் விற்பனை விளம்பரங்களிலும் பழுதுபார்ப்போர் பேச்சிலும் கல்வெட்டுச் சாசனம்போல் நிலைபெற்றுவிட்டது.

செய்தவரே சொன்னதை மறுக்கத் துணிவது ஏன் என்று கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஒரு நிறுவனத் தலைவர் நினைவிலிருந்து சொன்ன வாய்மொழி அது; சர்க்யூட் போர்டோ இன்னும் கையில் இருக்கிறது. இரண்டும் முரண்படும் இடத்தில் போர்டின் பக்கம் நிற்பதே ஆய்வு முறை. ககேஹாஷியின் கூற்றில் மூன்று செய்திகள் பிணைந்து கிடக்கின்றன: டிரான்சிஸ்டர் பழுதானது, 808இன் ஓசை அதிலிருந்து பிறந்தது, அது இல்லாததால் இயந்திரம் நின்றது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். ஒன்று மெய்யானால் மற்ற இரண்டும் மெய்யாகிவிடாது.

முதலில் ஓசை. ககேஹாஷியின் கூற்றை எடுத்தாண்ட பலர், 808இன் ‘சுர்ர்’ என்ற பொரிச்சலை இந்த டிரான்சிஸ்டரின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அந்தப் பொரிச்சலை நாம் முதன்மையாகக் கேட்பது ஹை-ஹாட்டிலும் சிம்பலிலும். ஆனால் அவ்விரண்டிலும் இரைச்சல் மூலமே இல்லை. ஒரே ஐசிக்குள் இருக்கும் ஆறு ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர்கள் ஆறு சதுர அலைகளை இடைவிடாமல் எழுப்புகின்றன. அவற்றின் அதிர்வெண்கள் சுமார் 205, 304, 370, 523, 540, 800 ஹெர்ட்ஸ். ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்தில் இல்லாத இந்த ஆறும் கலந்து, வடிகட்டிகள் வழியே மேல் பகுதி மட்டும் வெளிவரும்போது உலோகத் தகடு அதிர்வதுபோல் கேட்கிறது. கடைசி இரண்டு அலைகளே கௌபெல் ஓசையையும் தருகின்றன. ஸ்டான்ஃபோர்டின் சிசிஆர்எம்ஏ ஆய்வு மையத்தில் கர்ட் வெர்னரும் உடனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட சிம்பல் பற்றிய கட்டுரை இந்தப் பகுதியை உறுப்பு உறுப்பாகக் கணித்துக் காட்டியிருக்கிறது. (சிம்பலுக்கு இன்னொரு தோற்றக் கதையும் உண்டு: சோதனைப் போர்டில் தேநீர் கொட்டியதால் அந்த ஓசை அகப்பட்டது என்பார்கள். ஒரே சிம்பலுக்குத் தேநீரும் கழிவு டிரான்சிஸ்டரும் போட்டி போடுவதே இந்த வாய்மொழிகளின் தரத்தைக் காட்டிவிடுகிறது.)

அப்படியானால் அந்த டிரான்சிஸ்டர் எங்கே வேலை செய்கிறது? ஸ்னேரின் ‘ஸ்னாப்பி’ பகுதியில், கைத்தட்டலில், மராக்காஸில், டாம் ஓசைகளின் பின்னே தேயும் எதிரொலிப் பாவனையில். பழுதுபார்ப்பவருக்கு இது ஏட்டறிவு அல்ல, முதல் நாளிலேயே கைவரும் பாடம். மேசைக்கு வந்த 808இல் மராக்காஸ் ஊமை, கைத்தட்டல் இல்லை, ஸ்னேர் மட்டும் ‘டொக்’ என்று வெறும் கட்டையாய் ஒலிக்கிறது என்றால், மூன்று பகுதிகளையும் தனித்தனியே கிளற வேண்டியதில்லை. நேரே இரைச்சல் மூலத்துக்குப் போய் ஸ்கோப் முனையை வைக்க வேண்டும். அங்கே புல்வெளிபோல் அடர்ந்த கோடு தெரியாமல் நேர்கோடு தெரிந்தால் நோய் அகப்பட்டுவிட்டது. அந்த நிலையிலும் ஹை-ஹாட் குறையின்றிப் பொரிந்துகொண்டிருக்கும். அந்த டிரான்சிஸ்டரைப் போர்டிலிருந்து முழுவதுமாகக் கழற்றி வைத்தாலும் அப்படியே. ககேஹாஷியின் கூற்றுக்குப் பிறர் கொடுத்த விரிவுரையை உடைக்க இந்த ஒரு சோதனை போதும்.

இனி என் கட்டுரையின் மையமான எழுத்துப் பொறிப்புக்கு வருகிறேன். பாகத்தின் எண் 2எஸ்சி828. மட்சுஷிதா நிறுவனம் செய்த சிறு என்பிஎன் டிரான்சிஸ்டர். ஜப்பானிய வழக்கப்படி உடலின் மேல் ‘2எஸ்’ விடுபட்டு ‘சி828’ என்று மட்டும் அச்சாகியிருக்கும். அருகே ஒற்றை எழுத்து ‘ஆர்’. இந்த ‘ஆர்’ எழுத்தை ஆங்கிலத்தில் ‘ரிஜெக்டட்’, அதாவது தள்ளுபடியானது, என்று விரித்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கழிவுக் கதைக்கு இதைவிட வாகான சான்று அமையாது. அதனாலேயே எனக்கு ஐயம். மட்சுஷிதாவின் தரவுத் தாளில் 2எஸ்சி828 வகைக்கு க்யூ, ஆர், எஸ் என்று வரிசை எழுத்துகள் கொடுக்கப்பட்டுள்ளன. அவை மின்னோட்டப் பெருக்கத்தின் படிநிலைகள். ‘ஆர்’ நடுப்படி. தள்ளுபடி என்று முத்திரை குத்திய சரக்கை யாரும் தரவுத் தாளில் வரிசைப்படுத்தி விற்கமாட்டார்கள்.

ஆனால் ரோலண்டின் பாகப் பெயர் ‘ஆர்’ எழுத்தோடு முடியவில்லை. இரைச்சல் மூலத்துக்கு உரிய பெயர் 2எஸ்சி828-ஆர்என்இசட். வால்போல் ஒட்டியிருக்கும் ‘என்இசட்’ என்ற ஈரெழுத்தைக் கவனித்தவர்கள் குறைவு. இரைச்சலுக்கென்று தேர்ந்தெடுத்தது என்பதன் குறிப்பாகவே இதைப் பழுதுபார்ப்போர் கொள்கின்றனர். வேறு பொருத்தமான பொருளும் தென்படவில்லை. இப்படிப் படித்தால் வழக்கே திசைமாறுகிறது. கழித்தெறிந்ததைப் பொறுக்குவது வேறு. ஒரு குவியலிலிருந்து தன் வேலைக்கு ஏற்றதைச் சோதித்து எடுப்பது வேறு. ஒலிபெருக்கி செய்பவருக்கு இரைச்சல் மிகுந்த டிரான்சிஸ்டர் குப்பை, ரோலண்டுக்கு அது சரக்கு. வாங்கும் மேசையில் இரண்டும் ஒரே விலைச்சீட்டில் வந்திருக்கக்கூடும். ‘பழுதானவற்றை வாங்கினோம்’ என்று ககேஹாஷி நினைவுகூர்ந்தது அந்த மேசையிலிருந்து பார்த்த காட்சி என்பது என் கருத்து.

அந்த உறுப்பு வேலைசெய்யும் விதமும் இதையே ஆதரிக்கிறது. கலெக்டர் காலை எதோடும் இணைக்காமல் விட்டு, பேஸ்-எமிட்டர் சந்தியைப் பின்னோக்கிய மின்னழுத்தத்தில் உடையவிடுகிறார்கள். உடையும் சந்தி பனிச்சரிவுபோல் மின்னணுக்களைக் கொட்டும்போது எழும் சலசலப்பே வெள்ளை இரைச்சல். இது உற்பத்திக் குறை அல்ல, சந்தியின் இயல்பு. நல்ல நிலையிலுள்ள எந்தச் சிறு என்பிஎன் டிரான்சிஸ்டரும் ஏறக்குறைய இதைச் செய்யும். மூலம் செத்த இயந்திரங்களில் இன்று கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்களில் சிலவற்றைச் சாக்கெட்டில் மாற்றி மாற்றிப் பொருத்தி, வீச்சு போதுமானதும் கோடு சீரானதுமான ஒன்றைச் சால்டர் செய்து முடிக்கிறார்கள். அதாவது ரோலண்ட் தொழிற்சாலையின் தேர்வு வேலையை மேசையிலேயே திரும்பச் செய்கிறார்கள். அசல் சி828 என்று சொல்லி விற்கப்படும் பழைய சரக்குக்கு அதிக விலை கொடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. தேர்வு செய்யாத சி828 வெறும் சி828தான்.

இங்கே ஒரு விட்டுக்கொடுத்தல் அவசியம். அரைகுறையாக வெடிக்கும் ‘பாப்கார்ன்’ இரைச்சல் என்று ஒரு வகை உண்டு. அது சிலிக்கன் படிகத்தின் மாசாலும் குறையாலும் வருவது. உற்பத்தி தூய்மையாக ஆக அது உண்மையிலேயே குறைந்தது. ஸ்னேரின் சரசரப்பில் அந்த வெடிப்பின் சாயலும் கலந்திருந்தது, அதைத்தான் ககேஹாஷி குறித்தார் என்று ஒருவர் வாதிட்டால் முழுவதுமாக மறுக்க முடியாது. அப்படியே கொண்டாலும் அது ஓசையின் நிறத்தை மாற்றும் காரணமே தவிர, இயந்திரத்தைக் கொல்லும் காரணம் ஆகாது.

கொன்றது எது? 1982இல் வந்த எஸ்ஹெச்-101, 1984இல் வந்த ஜூனோ-106 ஆகிய ரோலண்ட் சிந்தசைசர்களிலும் இரைச்சலுக்கு டிரான்சிஸ்டரே பயன்பட்டது. 1983இல் அத்தகைய உறுப்பு கிடைக்காமல் 808 நின்றது என்றால், 1984இல் ஜூனோவுக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது? மறுபுறம் சந்தையைப் பார்த்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. உண்மையான முரசுகளின் பதிவை உள்ளே வைத்திருந்த லின்ட்ரம் 1982இல் வந்துவிட்டது. அன்றைய பெரும்பாலான வாடிக்கையாளர்களின் காதுக்கு 808 ‘பொம்மை’. 1983 ஜனவரியில், மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி பொதுமேடையில் காட்டப்பட்டது. 808இல் மிடி இல்லை. அதே ஆண்டு ரோலண்ட் கொண்டுவந்த டிஆர்-909இல் மிடி இருந்தது, சிம்பலும் ஹை-ஹாட்டும் பதிவுசெய்த ஓசைகளாயின. மார்வின் கே, ஆஃப்ரிகா பம்பாட்டா ஆகியோரின் 1982 பாடல்கள் 808க்குத் தேடித்தந்த புகழ், விற்பனையில் முழுமையாகத் திரும்பும் முன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது.

எனினும் அதே 909 என் வாதத்துக்கு ஓர் இடைஞ்சலையும் வைத்திருக்கிறது. அதன் ஸ்னேருக்கும் கைத்தட்டலுக்கும் உரிய இரைச்சல் டிரான்சிஸ்டரிலிருந்து வரவில்லை. ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஐசிகளைச் சுழலவிட்டு எண்முறையில் உண்டாக்கப்படுகிறது. டிரான்சிஸ்டர் தாராளமாகக் கிடைத்திருந்தால் ஏன் மாற்றினார்கள்? ககேஹாஷி தரப்பில் நின்று பேசுபவருக்கு இதுவே வலுவான சான்று. என் விடை வேறு: எண்முறை இரைச்சலுக்குத் தேர்வு வேண்டாம், ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரே அளவில் வரும், ஆள் வைத்துச் சோதித்துப் பிரிக்கும் கூலி மிச்சம். உறுப்பு கிடைக்காமல் போனதைவிட அதைப் பொறுக்கி எடுக்கும் பாடு பொறுக்க முடியாமல் போனது என்பதே சர்க்யூட்டுகள் தரும் சித்திரம். பிற்கால நினைவில் இந்தப் பாடு பற்றாக்குறையாக உருமாறியிருக்கலாம் என்பது ஊகம், ஊகமாகவே வைக்கிறேன்.

கால வரிசையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1983 என்ற ஆண்டைத் தாண்டி, எந்த மாதத்தில் கடைசி 808 வெளிவந்தது என்று சொல்லும் கூற்றுகளை நான் நம்பவில்லை. போர்டிலுள்ள ஐசிகள் பலவற்றில் ஆண்டும் வாரமும் அச்சாகியிருக்கும். அவை இயந்திரம் அதற்குமுன் கட்டப்பட்டிருக்க முடியாது என்று சொல்லுமே தவிர, அலமாரியில் எத்தனை மாதம் கிடந்தன என்று சொல்லாது. ஐசி அச்சுகளால் காலம் கணித்த தொடக்ககால இயந்திரங்களையும் கடைசிக்கால இயந்திரங்களையும் சேர்த்து, அவற்றின் இரைச்சல் மூலங்களைக் கழற்றாமலே ஒரே ஸ்கோப்பில் அளந்து ஒப்பிட வேண்டும். கடைசிக்கால மூலங்களின் வீச்சு தொடர்ந்து சரிந்திருந்தால் ககேஹாஷி சொன்னதில் பாதி நிலைக்கும். மாற்றமில்லை என்றால் 808ஐ நிறுத்திய முடிவுக்கான காரணத்தை விற்பனைக் கணக்கில்தான் தேட வேண்டும்.