ஊசியில் தொடங்கும் இசை

கோவில்பட்டியில் வாழ்ந்த நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்துக்கு அவர் வாசித்ததை இசைத்தட்டில் கேட்கிறோம். அது தெளிவாக ஒலிக்க எதை முதலில் மாற்றுவது? ஒலிபெருக்கியை என்பர் பலர். அதுவோ கரகரப்பையும் சேர்த்தே பெரிதாக்கும். முதலில் கவனிக்க வேண்டியது ஊசி.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டு, அரக்கில் கல்தூள் கலந்து செய்யப்பட்டது. அத்தூள் எஃகு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவரும். ஆகவே ஒரு பக்கம் முடிந்ததும் புது ஊசி போடுவது வழக்கம். சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பல தட்டுகளுக்கு ஓட்டினால் அது உளியாகிப் பள்ளத்தின் சுவரைச் சீவிவிடும். நாதசுரத்தின் கூர்மையான மேல் அதிர்வெண்கள்தாம் முதலில் போகும். ஊசியை வாங்கிவிடலாம், அந்த வாசிப்பை எங்கே வாங்குவது?

1948இல் வினைல் நெடுந்தட்டு வந்தது. அதற்குரிய ஊசியின் முனை ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய தட்டுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு வேண்டும். சிறுமுனையைப் பழைய தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் குப்பையோடு அலையும்.

அடுத்தது தூசி. கரிசல் பூமியின் வறண்ட காற்றில் வினைலை உலர்துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இன்னும் இழுக்கும். இலேசாக ஈரமாக்கிய மென்துணி போதும். ஒலிபெருக்கியின் முறை அதற்குப் பிறகுதான்.