ஐந்து வினாடிக் கணக்கு

போன ஞாயிறு, புனேயில் எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் காரைக் கிளப்பி ரிவர்ஸ் கியர் போட்டேன். பின்பக்கக் கேமராவின் திரை கறுப்பாகவே நின்றது. "பிள்ளைங்க விளையாடற இடம். படம் வரட்டும், அப்புறம் எடுங்க" என்றார் தங்கமணி.

பொட்டி தட்டுகிறவனுக்கு இது பழகிய வலி. கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

2004-இல் பூட்சார்ட் என்ற கருவி வந்தது. லினக்ஸ் கணினி எழும்போது எந்த நிரல் எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் பிடித்தது என்று படம் போட்டுக் காட்டியது. அதுவரை எல்லாம் குத்துமதிப்புதான்.

2008 செப்டம்பரில், அமெரிக்காவின் போர்ட்லேண்டில் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாடு. இன்டெல்லில் வேலை பார்த்த அர்ஜன் வான் டி வென், ஆக்கே கோக் இருவரும் ஒரு குட்டி அசூஸ் ஈபிசியை 5 வினாடியில் எழுப்பிக் காட்டினார்கள். புரொஜெக்டரில் படம் வருவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதால், கணினியைக் கையில் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது! அன்றைக்கு ஃபெடோரா லாகின் திரைக்கு வரவே 45 வினாடி ஆனது.

எப்படிச் சாதித்தார்கள்? அங்கே இங்கே ஒரு வினாடி மிச்சம் பிடிக்கவில்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டு பட்ஜெட் மாதிரி முதலிலேயே பங்கு பிரித்தார்கள். கெர்னலுக்கு 1 வினாடி, ஆரம்பச் சேவைகளுக்கு 1, எக்ஸ் சர்வருக்கு 1, டெஸ்க்டாப்புக்கு 2. பூட்சார்ட்டை வைத்துப் பார்த்தால், சென்ட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் மட்டும் 2 வினாடியைத் தின்றுகொண்டிருந்தது. யாரோ ஒருவர் மெயில் சர்வர் நடத்துவதற்காக, மடிக்கணினி வைத்திருந்த அத்தனை பேரும் தினமும் காத்திருந்தார்கள்.

கணினியில் இது வெறும் பொறுமைச் சோதனை. காரில் அப்படியில்லை. பின்னால் நிற்கும் குழந்தைகள் அடிபடுவதைத் தடுக்க அமெரிக்காவில் 2014-இல் ஒரு விதி வந்தது. ரிவர்ஸ் கியர் விழுந்த 2 வினாடிக்குள் படம் தெரிய வேண்டும். 2018 மே முதல் அங்கே புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். பாட்டும் மேப்பும் மெதுவாக எழட்டும், கேமரா முதலில் எழ வேண்டும். அதே பட்ஜெட் கணக்குதான், உயிர் சம்பந்தப்பட்டதாகிவிட்டது.

எங்கள் வண்டி பழசு. அன்றைக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி சைக்கிள் கிடந்தது. நல்லவேளை, ஆள் இல்லை.

உங்கள் வண்டித் திரைக்கு எத்தனை வினாடி? ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை எதுவானாலும், திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.