புதுவையில் ஜூலைப் பதினான்கு

ஒரு நாட்டின் வரலாற்றை நூல்களின் வாயிலாக அறிவது ஒரு முறை. அந்நாட்டு மக்கள் எந்த நாளைத் திருநாளாகப் போற்றுகிறார்கள் என்று பார்த்து அறிவது மற்றொரு முறை. நூல் நடந்தவற்றையெல்லாம் சொல்லும். திருநாளோ, நடந்தவற்றுள் எதனை மறக்கலாகாது என்று மக்கள் கருதினார்கள் என்பதைச் சொல்லும். ஆகவே வரலாறு பயிலும் மாணவர்கள் விழாக்களையும் பயில வேண்டும் என்பது என் கருத்து.

பிரெஞ்சு நாட்டின் தேசியத் திருநாள் ஜூலை 14. அதனைக் காணக் கடல் கடந்து பாரிஸ் மாநகரம் செல்ல வேண்டும் என்பதில்லை. திண்டிவனத்தில் பேருந்து ஏறினால் போதும். அத்திருநாள் நடைபெறும் புதுவைக் கடற்கரையைச் சிறிது நேரத்தில் அடைந்துவிடலாம். அந்தச் சாலையில், ஏறத்தாழ நடுவழியில், என் ஊராகிய கிளியனூர் இருக்கிறது. அகத்தீசுவரர் கோயில் கொண்டுள்ள பழைய ஊர் அது. எங்கள் ஊரார்க்குப் புதுவை அயல்நாடாகத் தோன்றியதில்லை. சந்தைக்கும் மருத்துவத்திற்கும், பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் சென்றுவரும் ஊர் அது. ஆயினும் 1954 வரையில் எங்கள் ஊரில் பறந்த கொடி வேறு. சில கல் தொலைவில் புதுவையில் பறந்த கொடி வேறு. மொழி ஒன்று, உறவு ஒன்று, உண்ணும் சோறு ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு!

அந்த இரண்டாவது கொடி இறங்கிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று புதுவையில் பிரெஞ்சுத் தேசியப் பண் முழங்குகிறது. “அயலார் ஆட்சி நீங்கிய பின்னும் அவர்களுடைய திருநாளில் நம்மவர் மகிழலாமா? அது அடிமை மனப்பான்மை ஆகாதா?” என்று மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமாயின், அந்த நாள் எதனைக் குறிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பாரிஸ் நகரின் கிழக்கு வாயிலில் பாஸ்டில் என்னும் கோட்டை ஒன்று இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் நகரைக் காக்க எழுந்த அக்கோட்டை, பிற்காலத்தில் சிறைச்சாலை ஆயிற்று. அரசன் கையொப்பமிட்ட ஓர் ஓலை போதும்; விசாரணையும் தீர்ப்பும் இன்றி எவரையும் அதில் அடைத்துவிடலாம். 1789 ஜூலை 14 அன்று மக்கள் திரண்டு அக்கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். அவர்கள் முதலில் நாடிச் சென்றது அங்கிருந்த வெடிமருந்தையே. உள்ளே அன்று இருந்த கைதிகள் எழுவர் மட்டுமே. ஆனால் அன்று தகர்ந்தது கற்சுவர் மட்டுமன்று. அரசன் சொல்லே சட்டம் என்ற கொள்கையும் அதனோடு தகர்ந்தது. அடுத்த மாதம் 26ஆம் நாள், மனிதனின் உரிமைகளையும் குடிமகனின் உரிமைகளையும் அறிவிக்கும் சாசனம் பிறந்தது.

மறு ஆண்டு, 1790 ஜூலை 14 அன்று, பிரான்சின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் பாரிஸில் கூடி ஒற்றுமைப் பெருவிழா எடுத்தனர். பின்னர் 1880 ஜூலை 6ஆம் நாள் சட்டத்தின் வாயிலாக ஜூலை 14 தேசியத் திருநாள் ஆயிற்று. அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. எந்த ஆண்டின் ஜூலை 14 என்று அது குறிப்பிடவில்லை. குருதி சிந்திய 1789ஐ நினைக்க விரும்புவோர் அதனை நினைக்கலாம். ஒற்றுமை கண்ட 1790ஐ நினைக்க விரும்புவோர் இதனை நினைக்கலாம். ஒரு திருநாளுக்குள் இரண்டு நினைவுகள் இடம்பெறலாம் என்பதை அந்நாட்டாரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதுவைக்கு வரும்போது இச்செய்தி நமக்குப் பயன்படும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் என்றால் எங்கள் பகுதி மக்கள் முதலில் அறிந்தது படைகளையே. 1760இல் வந்தவாசிப் போர் முடிந்ததும் ஆங்கிலத் தளபதி அயர் கூட் எங்கள் பக்கத்துப் பெருமுக்கல் மலைக்கோட்டையையும் கடற்கரையிலுள்ள ஆலம்பரைக் கோட்டையையும் பிடித்துக்கொண்டு புதுவையை நோக்கி நகர்ந்தார். 1761 ஜனவரியில் புதுவை வீழ்ந்தது. நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஐரோப்பிய அரசுகள் இரண்டின் பகையில் மிதிபட்ட வயல்கள் தமிழ் உழவருடையவை. பின்னர் உடன்படிக்கையின்படி நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது, மீண்டும் கை மாறியது, மீண்டும் வந்தது.

இந்நிலையில், பாரிஸில் நிகழ்ந்த புரட்சியின் செய்தி கப்பலேறி 1790 பிப்ரவரியில் புதுவையை எட்டியது. ஏழு மாதம் கடலில் மிதந்து வந்த செய்தி அது! அக்காலத்துப் புதுவையில் வாழ்ந்த இரண்டாம் வீராநாயக்கர் என்னும் தமிழர் 1778 முதல் 1792 வரையிலான நிகழ்ச்சிகளைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். காவல் தலைமையாகிய நயினார் பொறுப்பை வகித்தவர் அவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அறிந்த மாணவர்கள் இந்நாட்குறிப்பையும் அறிதல் வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வாழ்ந்து, அக்காலத்திலேயே அதன் அலையைத் தமிழில் பதிந்த மனிதர் ஒருவர் நம் பக்கத்து ஊரில் இருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது அல்லவா?

ஆனால் அந்த அலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மீண்டும் புதுவையைப் பிடித்தனர். 1816இல்தான் அது பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. அதன் பின்னரும் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களும் குடியேற்ற நாட்டில் எளிதாகப் பலிக்கவில்லை. 1871 முதல் பிரெஞ்சு இந்தியா பாரிஸ் பாராளுமன்றத்திற்குத் தன் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அக்காலத்தில் கிளியனூர் உழவனுக்கு லண்டன் பாராளுமன்றத்தில் அத்தகைய உரிமை ஏதும் இல்லை. இது புதுவைக்குப் பெருமையே. எனினும் 1884இல் உள்நாட்டு மன்றங்களுக்கு வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள். எண்ணிக்கையில் மிகச் சிலராகிய ஐரோப்பியர்க்கு எண்ணிக்கைக்கு மிஞ்சிய இடங்கள் கிடைத்தன. சுவரில் எழுதியது சமத்துவம்; பட்டியலில் எழுதியது வேற்றுமை.

அப்படியானால் அச்சொற்கள் வெறும் அலங்காரமா? இல்லை. அவற்றை உண்மையாக்க முயன்றவர்கள் ஆட்சியாளர் அல்லர்; ஆளப்பட்டவர்கள். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றார். அது குற்றம் என்றார்கள். அவர் வணங்கிக் காலணியைக் கழற்றிவிடவில்லை; வழக்கைப் பாரிஸ் வரை கொண்டு சென்று வெற்றி பெற்றார். பின்னர் 1881இல், தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பதற்கு வழி திறந்தபோது, அதனை முன்னின்று ஏற்ற அவர் ‘லா போர்த்’ என்று பெயர் சூடிக்கொண்டார். அப்பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘வாயில்’ என்பது பொருள். காலணி சிறு பொருள்தான். ஆனால் மனிதனின் மதிப்பு பல வேளைகளில் இத்தகைய சிறு பொருள்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

ஆங்கில ஆட்சியின் அடக்குமுறைக்குத் தப்பி 1908இல் புதுவை வந்த பாரதியாரையும் இங்கே நினைக்க வேண்டும். அவருடைய ‘இந்தியா’ வார இதழ் பிரெஞ்சுப் புரட்சியின் அந்த மூன்று சொற்களையே தன் முழக்கமாகத் தாங்கி வெளிவந்தது. பாரிஸ் தெருவில் பிறந்த முழக்கம், ஆங்கிலேயரை எதிர்க்கும் தமிழ் முழக்கமாக மாறிவிட்டது!

1936இல் நிகழ்ந்ததோ இன்னும் கூர்மையானது. அவ்வாண்டு புதுவை ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டுப் போராடினார்கள். வ. சுப்பையா போன்றோர் அவர்களுக்கு வழிகாட்டினர். ஜூலை 30 அன்று தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் உயிர் துறந்தனர். திருநாள் முடிந்து பதினாறே நாள்கள் கழிந்திருந்தன! கொடுங்கோன்மையைத் தகர்த்த நாளை விழாவாகக் கொண்டாடிய அரசே, உரிமை கேட்ட மக்களைச் சுட்டது. ஆயினும் அக்குருதி வீணாகவில்லை. 1937இல் பிறந்த தொழிற்சட்டம் எட்டு மணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் வழி வகுத்தது. பாஸ்டிலின் பொருளை அன்று நன்கு உணர்ந்திருந்தவர்கள் ஆளுநர் மாளிகையில் இருந்தவர்களா, ஆலை வாயிலில் நின்றவர்களா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இறுதியில் விடுதலையும் வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்தவர் 170 பேர்; எதிர்த்தவர் 8 பேர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் உடன்படிக்கை கையொப்பமாயிற்று; 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நிறைவேறியது. அவ்வுடன்படிக்கை, விரும்புவோர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளவும் இடம் தந்தது. சில ஆயிரம் பேர் அதனைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் மிகப் பலர் தமிழரே. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றோரும் அவர்களுள் உண்டு. ஜூலை 14 இன்றும் புதுவையில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இவர்களும் இவர்கள் வழிவந்தோருமே.

விழாவைக் காணச் செல்வோர் ஜூலை 13 மாலையே செல்வது நல்லது. அன்று விளக்கேந்திய ஊர்வலம் நகரத் தெருக்களில் நடைபெறும். மறுநாள் காலை, கடற்கரைச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார்கள். பிரெஞ்சு அதிகாரிகளோடு புதுவை அரசினரும் கலந்துகொள்வர். பிரெஞ்சுப் பண்ணும் நம் நாட்டுப் பண்ணும் அடுத்தடுத்து இசைக்கப்படும். நெஞ்சில் பதக்கங்கள் அணிந்த தமிழ் முதியவர்கள் நிமிர்ந்து நிற்பதை அங்கே காணலாம்.

ஒருமுறை அத்தகைய முதியவர் ஒருவரின் அருகே நின்றேன். வேட்டி சட்டையின் மேல் இரண்டு பதக்கங்கள். கையைப் பற்றியபடி ஒரு பேத்தி. “ஐயா, இது பிரெஞ்சுக்காரர் திருநாள்தானே? நமக்கு இதில் என்ன?” என்று மெல்லக் கேட்டேன். அவர் சினந்துகொள்ளவில்லை. நினைவிடத்தைக் காட்டி, “கொடி அவர்களுடையது, தம்பி. மாண்டவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நாம் வராமல் வேறு யார் வருவார்கள்?” என்றார். நான் படித்த நூல்களில் இல்லாத விடை அது.

அவ்விடையைக் கொண்டே மாணவர்களின் கேள்விக்கும் விடை கூறலாம். ஒரு விழாவை ஊராரைப் போல அனுபவித்தல் என்பது, அவர்களோடு சேர்ந்து விளக்கேந்தி நடப்பது மட்டுமன்று. அவர்கள் எதனை நினைத்து நடக்கிறார்களோ அதனை நாமும் அறிந்து நடப்பது. புதுவையார்க்கு ஜூலை 14 தனித்து நிற்கும் நாள் அன்று. அதனை அடுத்து ஜூலை 30 வருகிறது. பின்னர் ஆகஸ்ட் 16 வருகிறது. அதன் பின்னர் நவம்பர் 1 வருகிறது. முதல் நாள் ஒரு வாக்குறுதி. இரண்டாம் நாள், அவ்வாக்குறுதியை மீறிய குற்றத்திற்குச் சான்று. மற்றை இரண்டும், மக்கள் தம் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டதற்கு அடையாளங்கள். நான்கையும் சேர்த்துப் பார்ப்பவன் அடிமை ஆகமாட்டான். நன்றி மறந்தவனும் ஆகமாட்டான்.

இரு நாடுகளும் இன்று நிகரானவையாய் நின்று நட்புப் பாராட்டுகின்றன. 2009இலும் 2023இலும் பாரிஸில் நடந்த ஜூலை 14 அணிவகுப்பில் இந்தியப் படையினர் நடந்து சென்றனர். இரு முறையும் இந்தியப் பிரதமரே சிறப்பு விருந்தினர். ஆண்டானும் அடிமையுமாய் இருந்தவர்கள் தோழராய் அமரும்போதுதான் சகோதரத்துவம் என்ற சொல் முழுப் பொருள் பெறுகிறது.

ஆதலின், மாணவ நண்பர்களே, வாய்ப்புள்ளவர்கள் ஒரு ஜூலை மாதம் புதுவைக்குச் செல்லுங்கள். நினைவிடத்தில் அமைதியாக நில்லுங்கள். அதே கடற்கரையில் நிற்கும் காந்தியடிகளின் சிலையையும் வணங்குங்கள். நேரம் இருந்தால் கீழூர் சென்று, 178 பேர் வாக்களித்த இடத்தையும் கண்டு வாருங்கள். சுதந்திரமும் சமத்துவமும் எந்த ஒரு நாட்டாரும் பிறர்க்கு ஈந்த கொடை அல்ல என்பதும், கேட்கத் துணிந்தவர்க்கே அவை உரியவை ஆயின என்பதும் அப்பொழுது உங்களுக்குத் தெளிவாக விளங்கும்.