கடல் தேங்காயின் தாயகம்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாயோரம் மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு ஒன்று இருந்தது. 2025 ஜூன் 1ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். நம் மாநிலம் 1969இல் தமிழ்நாடு எனப் பெயர் பெற்ற பின்னரும், தலைநகரத்தார் நம்மை அழைப்பது மதராசி என்றே. நேயர்களே, ஊர் அறியாதார் இட்ட பெயர் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதற்கு ஒரு மரத்தின் வரலாறும் சான்றாக இருக்கிறது.

துறவிகள் ஏந்தும் திருவோட்டை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுட் சில, கடல் தேங்காயின் ஓட்டினால் ஆனவை. வடநாட்டார் இதைத் தரியாயி நாரியல் என்பர். இரு தேங்காய்களை ஒட்டவைத்தாற் போன்ற இதன் வித்து, உலகத்து வித்துக்கள் அனைத்தினும் பெரியது; 20 கிலோ எடையும் இருக்கும். முற்காலத்தில் இக்காய்கள் மாலத்தீவின் கரைகளில் ஒதுங்கின. மரத்தையோ எவரும் கண்டதில்லை. அது கடலடியில் வளர்கிறது என்றும், காய் நஞ்சை முறிக்கும் என்றும் நம்பினர். விலையும் ஏறிற்று. கரை ஒதுங்கியவை யாவும் மாலத்தீவு மன்னருக்கே உரியவை என்பது அந்நாட்டு விதி.

உயிருள்ள காய் கனத்தினால் நீரில் ஆழ்ந்துவிடும். உள்ளீடு அழுகிக் கூடானதே மிதக்கும். கரை சேர்ந்தவையெல்லாம் உயிரற்ற காய்களே. ஆகவேதான் மாலத்தீவில் ஒரு மரமும் முளைக்கவில்லை.

1768இல் பிரெஞ்சு மாலுமிகள், அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சீஷெல்ஸ் தீவுக்கூட்டத்தில், பிராஸ்லின் என்னும் தீவில் அம்மரங்களைக் கண்டனர். மறு ஆண்டே கப்பல் நிறையக் காய்கள் இந்தியாவில் வந்திறங்க, விலை வீழ்ந்தது. இவ்வளவும் நடந்த பின்னர், 1791இல் ஜெர்மானிய அறிஞர் கிமெலின் இதற்கு மாலத்தீவின் பெயரையே சூட்டினார்! தாவர நூலில் இன்றும் அது 'மால்டிவிகா'தான்.

இருப்பிடம் தெரிந்தது மரத்திற்குக் கேடாகவே முடிந்தது. காய்களைப் பறித்துச் சென்றனர்; காட்டுத்தீயும் அழித்தது. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்க்கத் தொடங்குவதற்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு காய் முற்ற ஆறேழு ஆண்டுகள். பறிக்கும் வேகத்திற்கு இது எங்ஙனம் ஈடுகொடுக்கும்? இன்று இயற்கைக் காடாக இது எஞ்சியிருப்பது பிராஸ்லின், கியூரியஸ் என்னும் இரு தீவுகளில் மட்டுமே. பிராஸ்லினில் உள்ள 'வாலே த மே' பள்ளத்தாக்கு 1983இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அனுமதியின்றிக் காயை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லுதல் குற்றம்.

கல்கத்தாவை அடுத்த ஹௌராத் தாவரத் தோட்டத்தில் 1894இல் ஒரு வித்தை ஊன்றினர். வளர்ந்தது பெண் மரம். துணைக்கு ஆண் மரம் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், தாய்லாந்திலிருந்து மகரந்தம் வருவித்தே அதனைக் காய்க்கச் செய்தனர்.